குஞ்சம் கட்டிய புடவை

எங்கள் குடும்பத்தில் எந்த முக்கியமான விஷயமும் ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் நடுவில்தான் முடிவாகும். அமெரிக்காவிலிருக்கும் என் அண்ணாவுக்கு அது சனிக்கிழமை இரவு. சாவகாசமாகப் பேச அவருக்கு அதுதான் வேளை. நானும் தாம்பரத்திலிருந்து ரயிலேறி, மேற்கு மாம்பலத்தில் அம்மாவும் அக்காவும் இருக்கும் வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு தடவை வந்து சேருகிற நேரம் அது. அக்கா செல்போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைப்பாள். அதில் அண்ணாவின் முகம் தோன்றும். உடனே மகாநாடு ஆரம்பமாகிவிடும்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு நடந்த மகாநாட்டில் அண்ணா ஒரு புதிய வார்த்தையைக் கொண்டு வந்தார்.

"டெலோமியர் என்று கேள்விப்பட்டிருக்கிறாயாடா?"

"ஏதோ வாசித்த ஞாபகம்."

"மனிதனுக்கு வயதாவதே அதனால்தானாம். அது குறையக் குறைய மூளையும் தளர்ந்து போகுமாம். ரத்தம் எடுத்து அதை அளந்து சொல்கிறார்கள். அதை நீளமாக்க மாத்திரையும் வந்திருக்கிறது. அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே! மாதம் 25,000 ரூபாய் ஆகும். நான் பாதி, நீ பாதி. நீதான் பத்திரிகைக்காரனாயிற்றே, விசாரித்துச் சொல்லு!"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அன்றைக்கு அடுப்பில் பாலே வைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு இப்போது வயது 73. ஆறு வருஷத்துக்கு முன்னால் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். 'வயதானால் சகஜம்' என்று சிரித்தோம். பிறகு ஒரு நாள், முப்பது வருஷமாகப் போய் வந்த கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றாள். அப்புறம் சிரிக்கவில்லை. டாக்டர் அதற்கு அல்ஸைமர் நோய் என்று பெயர் சொன்னார். இப்போது என்னைப் பார்த்தால் காலஞ்சென்ற என் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். அண்ணாவை 'டெலிபோனில் வருகிற மனுஷர்' என்கிறாள். அக்காவை மட்டும் எந்தப் பெயராலும் அழைப்பதில்லை. எப்போதும் பக்கத்திலேயே இருப்பவளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டிய அவசியம் இல்லையோ என்னவோ!

அக்காவுக்கு 47. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள், நாலு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டாள். இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

நிற்க. அண்ணா இட்ட கட்டளைப்படி நான் டெலோமியர் வேட்டைக்குக் கிளம்பினேன்.

கதை 1912-ல் தொடங்குகிறது. நியூயார்க்கில் அலெக்ஸிஸ் காரல் என்ற நோபல் பரிசு பெற்ற நிபுணர், கோழிக் கருவின் இதயத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தார். அது வளர்ந்தது, வளர்ந்தது, அவர் 1944-ல் இறந்த பிறகும் வளர்ந்தது. 1946-ல்தான் அதை நிறுத்தினார்கள். ஆகவே, உடம்பை விட்டு வெளியே எடுத்தால் உயிரணுவுக்குச் சாவே கிடையாது, அது சிரஞ்சீவி என்று உலகம் நம்பிவிட்டது.

1961-ல் பிலடெல்பியா நகரத்தில் லியோனார்ட் ஹேஃப்ளிக் என்ற இளைஞர், பால் மூர்ஹெட் என்ற சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து இந்த நம்பிக்கையை உடைத்தார். மனித உயிரணுக்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சுமார் 50 தடவை பிரிந்ததும் நின்றுவிடுவதை அவர்கள் கண்டார்கள். காரலின் கோழி? ஊட்டுவதற்கு ஊற்றிய சாற்றோடு புதிய அணுக்களும் கலந்து போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த விளக்கம். ஹேஃப்ளிக் 2024-ல், தமது 96-வது வயதில் காலமானார்.

ஐம்பது தடவை என்று அணுவுக்கு யார் கணக்குச் சொல்வது? இதற்குப் பதில் மாஸ்கோவில், பூமிக்கு அடியில் ஓடும் ரயில் நிலையத்தில் கிடைத்தது என்றால் நம்புவீர்களா? ஹேஃப்ளிக்கின் கண்டுபிடிப்பைப் பற்றிய ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, அலெக்ஸி ஓலோவ்னிகோவ் என்ற ருஷ்யர் ரயிலுக்காகக் காத்து நின்றார். தண்டவாளத்தின் மேல் ரயில் வருவதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மரபுச் செய்தி எழுதிய நூல் ஒரு தண்டவாளம். அதைப் பிரதி எடுக்கிற யந்திரம் ஒரு ரயில். ரயில் தான் நிற்கிற இடத்துக்குக் கீழே உள்ள தண்டவாளத்தைப் பிரதி எடுக்க முடியாதல்லவா? ஆகவே ஒவ்வொரு தடவையும் நுனியில் கொஞ்சம் விட்டுப் போகும். நூல் குட்டையாகிக்கொண்டே வரும். 1971-ல் அவர் இதைப் பிரசுரித்தார்.

அந்த நுனிக்கு ஹெர்மன் முல்லர் என்பவர் 1938-லேயே டெலோமியர் என்று பெயர் சூட்டியிருந்தார். நம்முடைய ஒவ்வோர் அணுவிலும் 46 குரோமோசோம்கள். ஆகவே 92 நுனிகள். ஆறே எழுத்துக் கொண்ட ஒரு சொல்லை ஆயிரம் தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதியதுபோல் இருக்கும் ஒவ்வொரு நுனியும். அதில் அர்த்தம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் அர்த்தமுள்ள பகுதிக்குக் காவல் நிற்பதுதான் அதன் வேலை. பிறக்கும்போது ஏறக்குறைய 10,000 எழுத்து நீளம் இருப்பது, முதுமையில் சுமார் பாதியாகிவிடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவ்வளவையும் நான் அக்காவிடம் சமையலறையில் ஒப்பித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பட்டுப்புடவைத் தலைப்பில் குஞ்சம் கட்டுகிறோமே, அது மாதிரி என்று சொல்லேன்! குஞ்சத்தால் புடவைக்கு ஒரு டிசைனும் கூடுவதில்லை. ஆனால் அது போனால் நூல் பிரிய ஆரம்பித்துவிடும்."

தண்டவாளத்தையும் ரயிலையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் திண்டாடிய எனக்கு வெட்கமாகப் போயிற்று. அக்காவின் கணக்கு வகுப்பில் படித்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

"சரி, அறுந்த குஞ்சத்தை மறுபடி கட்டுவதற்கு வழி உண்டா?" என்றாள்.

"உண்டு. அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள்" என்றேன்.

எலிஸபெத் பிளாக்பர்ன் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். குளத்து நீரில் வாழும் ஓர் ஓரணுப் பிராணியின் டெலோமியரை 1978-ல் எழுத்துக்கூட்டி வாசித்தவர். அவரிடம் கலிபோர்னியாவில் மாணவியாகச் சேர்ந்தவர் கரோல் கிரைடர். 1984 டிசம்பர் 25-ந் தேதி, ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, 23 வயதுப் பெண்ணான கிரைடர் ஆராய்ச்சி சாலைக்குப் போய் தாம் செய்த பரிசோதனையின் படத்தைப் பார்த்தார். நுனியை மறுபடி நீளமாக்கும் ஒரு பொருள் அணுவுக்குள் இருப்பது அதில் தெரிந்தது. அதற்கு டெலோமரேஸ் என்று பெயர். 2009-ல் இந்த இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து டெலிபோன் வந்த அதிகாலையில் கிரைடர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்!

இதைக் கேட்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. பிறகு, "அப்படியானால் அவன் சொல்கிற மாத்திரை நிஜம்தானா?" என்றாள்.

அதுதானே கேள்வி? எனக்குப் பழக்கமான ஒரு நரம்பியல் டாக்டரிடம் ஓடினேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, பிரியும்போதுதானே டெலோமியர் குறையும்? மூளையின் நரம்பணு பெரும்பாலும் பிரிவதே இல்லையே! நீங்கள் குழந்தையாக இருந்தபோது இருந்த அதே அணுதானே இப்போதும் இருக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்படியானால் டெலோமியருக்கும் மறதி நோய்க்கும் சம்பந்தமே இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் சுற்று வழியாக" என்று அவர் விளக்கினார். நரம்பணுக்கள் எஜமானர்கள் மாதிரி. அவற்றுக்கு ஆகாரம் கொடுக்கவும், குப்பை கூட்டவும், கிருமி வந்தால் விரட்டவும் பணிவிடை அணுக்கள் ஏராளமாக இருக்கின்றன. இவை பிரியக் கூடியவை. ஆகவே வயதாகக் கூடியவை. டெலோமியர் மிகவும் குட்டையாகிவிட்டாலோ வேறு விதமாகச் சேதப்பட்டாலோ, அணு பிரிவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் சாவதில்லை. வாடகையும் கொடுக்காமல், வீட்டையும் காலி செய்யாமல், அக்கம்பக்கத்தாரோடு சண்டை பிடிக்கும் குடித்தனக்காரரைப் போல, வீக்கத்தையும் எரிச்சலையும் உண்டாக்கும் பொருள்களைக் கக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 2018-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மறதி நோய் வரும்படி வளர்த்த எலிகளின் மூளையிலிருந்து இப்படிப்பட்ட கிழட்டுப் பணிவிடை அணுக்களை உண்டாக உண்டாக அகற்றிப் பார்த்தார்கள். நரம்பணுவுக்குள் விழும் சிக்கல் குறைந்தது. எலிகளின் ஞாபகமும் காப்பாற்றப்பட்டது.

"எஜமானர் விழுவதற்கு முன்னால் பணியாள் தளர்ந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர்.

அந்த வார்த்தை என் மனத்தில் எங்கேயோ போய்த் தைத்தது. எங்கே என்று அப்போது புரியவில்லை.

மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். அல்ஸைமர் நோயாளிகளின் வெள்ளை அணுக்களில் டெலோமியர் சராசரியாகக் குட்டையாக இருப்பது உண்மைதான். ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு ஆரோக்கியமான மனிதர்களுக்குள்ளேயே அதன் நீளம் வெகுவாக மாறும். ஆகையால் ஒருவருடைய ரத்தத்தை அளந்து அவருடைய மூளைக்கு ஜோசியம் சொல்ல முடியாது. பார்க்கின்ஸன் நோயிலோ ஆராய்ச்சி முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. நீளமாக இருந்துவிட்டால் மட்டும் நல்லதா? ஆராய்ச்சி சாலை எலியின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். ஆயுள் இரண்டு மூன்று வருஷம்! போதாக்குறைக்கு, புற்றுநோய்களில் நூற்றுக்கு 85-க்கு மேல் டெலோமரேஸைத் தட்டி எழுப்பிக்கொண்டுதான் சாகாவரம் பெறுகின்றன. பிறவியிலேயே நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்கு இதய நோயும் அல்ஸைமரும் சற்றுக் குறைவு, சில புற்றுநோய்கள் அதிகம் என்று 2017-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது.

"ஹார்வர்டில் எலிக்கு இளமை திரும்பியதாக அண்ணா ஒரு கட்டுரை அனுப்பினாரே?" என்றேன் விடாமல்.

"2010-ல் வந்தது. அந்த எலிகளுக்கு முதலில் டெலோமரேஸே வேலை செய்யாதபடி செய்துவிட்டு, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். பட்டினி போட்ட குழந்தைக்குச் சோறு போட்டால் தேறத்தான் செய்யும். வயிறு நிறைந்தவனுக்கு மேலும் சோறு போட்டால்?" என்றார். இன்றுவரை எந்த மாத்திரையும் டெலோமியரை நீட்டி மறதி நோயை மாற்றியதாக நிரூபிக்கப்படவில்லை.

விஷயம் தீர்ந்தது. அண்ணாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அன்றிரவு இன்னும் கொஞ்சம் வாசித்தபோதுதான் அந்த ஆராய்ச்சி கண்ணில் பட்டது.

2004-ல், நம்முடைய பிளாக்பர்னும் எலிஸா எபெல் என்ற மனோதத்துவ நிபுணரும் செய்தது. 58 தாய்மார்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சிலருடைய குழந்தைகள் ஆரோக்கியமானவர்கள். மற்றவர்களின் குழந்தைகள் தீராத வியாதிக்காரர்கள். அவர்கள் குழந்தையின் ரத்தத்தை அளக்கவில்லை. தாயின் ரத்தத்தை அளந்தார்கள். எத்தனை வருஷம் ஒரு தாய் நோயாளிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாளோ, அத்தனைக்கு அவளுடைய டெலோமியர் குட்டையாக இருந்தது. மன உளைச்சல் மிக அதிகம் என்று சொன்னவர்களுக்கும் மிகக் குறைவு என்று சொன்னவர்களுக்கும் இருந்த வித்தியாசம், பத்து வயது கூடினால் ஏற்படக்கூடிய வித்தியாசத்துக்குச் சமம். 2007-ல் வந்த இன்னோர் ஆராய்ச்சி, அல்ஸைமர் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களிடமும் டெலோமியர் குட்டையாக இருப்பதைச் சொன்னது.

இவை சிறிய ஆராய்ச்சிகள்தாம். எது காரணம், எது காரியம் என்று அறுதியிட்டுச் சொல்பவை அல்ல. ஆனால் எனக்கு அந்த இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு வாசற்கதவின் குறுக்கே விரித்த பாய் கண் முன்னால் வந்தது. அம்மா இரவில் எழுந்து தெருவுக்குப் போய்விடாமல் இருக்க, அக்கா நாலு வருஷமாக அந்தப் பாயில்தான் படுக்கிறாள். ஆறு வருஷமாக நாங்கள் இரண்டு பிள்ளைகளும் அம்மாவைப் பற்றியே மகாநாடு போட்டோம். அக்காவைப் பற்றி ஒரு மகாநாடு கூடப் போட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிடம் மாத்திரை வேண்டாம் என்றேன். காரணங்களையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தூர தேசத்தில் இருப்பவருக்குப் பணம் அனுப்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அதையும் வேண்டாம் என்றால்?

"பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அண்ணா. அதே 25,000-த்தை அக்காவுக்காகச் செலவழிக்கலாம் என்கிறேன்" என்றேன்.

"எனக்கு என்னடா?" என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. பிறகு வெளியே வந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை வருஷமாக அதை அவள் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

"எனக்கும் அம்மா மாதிரி வருமா?"

டெலிபோனில் அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரிடம் கேட்டு வைத்திருந்ததை நான் சொன்னேன். தாயாருக்கு வந்தால் பெண்ணுக்கு வாய்ப்புச் சற்று அதிகம். ஆனால் அது விதியல்ல. ஒரே மரபணுவால் நிச்சயமாக வருவது மிகச் சில குடும்பங்களில்தான். அங்கே நோய் இளம் வயதிலேயே தோன்றிவிடும். 2024-ல் லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று பட்டியல் போட்டிருக்கிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, கெட்ட கொழுப்பு, காது மந்தம், பார்வைக் குறைவு, மனச்சோர்வு, உடற்பயிற்சியின்மை, மனிதர்களோடு பழகாமல் தனித்திருத்தல் எல்லாம் அதில் உண்டு. பட்டியல் முழுவதையும் சரி செய்தால், உலகில் டிமென்ஷியா நோயில் கிட்டத்தட்டப் பாதியைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு.

"ரத்தக் கொதிப்பை நீ கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டாய், அக்கா?"

அவள் யோசித்தாள். அம்மாவுடைய மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை எல்லாம் தலைகீழாகச் சொல்லக்கூடியவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் பார்த்ததில் 160-க்கு 100 இருந்தது. மருந்து ஆரம்பித்தாயிற்று.

பகலில் நாலு மணி நேரம் வந்து இருக்க ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தோம். 'யாரோ ஒருத்தி வந்து அம்மாவைப் பார்ப்பதாவது!' என்று அக்கா இரண்டு வாரம் அவள் பின்னாலேயே சுற்றினாள். இப்போது மாலையில் பக்கத்துத் தெருக் குழந்தைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். வெள்ளி, சனி இரண்டு இரவும் நான் மாம்பலத்துக்கு வந்துவிடுகிறேன். கதவோரப் பாய் அன்று எனக்கு.

முதல் இரவைச் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து, "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்றாள். "இதுதான் வீடு" என்றேன். அழுதாள். மூன்று மணிக்கு மறுபடியும். நாலு மணிக்கு மறுபடியும். விடியும்போது எனக்குத் தலை சுழன்றது. ஒரே ஓர் இரவு! அக்காவுக்கு இப்படி எத்தனை இரவு என்று கணக்குப் போட்டேன். ஆயிரத்து நானூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு ஒன்று சொல்கிறது. அந்த 88 லட்சம் வீடுகளிலும் கதவோரம் ஒரு பாய் இருக்கும். அதில் படுப்பது பெரும்பாலும் ஒரு மகளோ, மருமகளோ, மனைவியோதான். அவளுடைய ரத்தக் கொதிப்பை யாராவது பார்த்தார்களா என்று கேட்பதற்கு டெலோமியரை அளக்க வேண்டியதில்லை.

அக்காவின் டெலோமியர் நீண்டுவிட்டதா என்று கேட்காதீர்கள். நாங்கள் அளக்கவில்லை, அளக்கப் போவதும் இல்லை. அம்மாவின் நோயும் குறையவில்லை.

போன சனிக்கிழமை காலை எட்டு மணி. அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். குஞ்சம் அவிழ்ந்த பழைய பட்டுப்புடவை ஒன்றை அம்மாவின் மடியில் போட்டேன். ஒரு காலத்தில் தெருவில் பாதிப் பேருக்குக் குஞ்சம் கட்டிக் கொடுத்தவள் அவள். தலைப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு விரல்கள் தாமாகவே நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட ஆரம்பித்தன. மனிதர்களின் பெயரெல்லாம் மறந்த பிறகும் கைக்குத் தெரிந்த வேலை வெகு நாள் தங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் ஆச்சரியத்தில், "அம்மா, பிரமாதம்!" என்று கத்திவிட்டேன்.

அம்மா சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, என் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அதட்டினாள்:

"சத்தம் போடாதே! குழந்தை தூங்குகிறது."